பட்டம் வழிவரும், பெருமை வழிவருமா?
– சோல்பரிக் குடும்பத்தின் வரலாறு தரும் பாடம் –

நம் பெரியோர் பழைய அரசியற் கதை பேசத் தொடங்கினால் ‘சோல்பரி’ என்ற பெயர் ஒருமுறையாவது வந்தே தீரும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாட்டனாரும் அவருடைய நண்பர்களும் அமர்ந்து, “சோல்பரி அப்படிச் செய்திருந்தால், இப்படிச் செய்திருந்தால்” என்று வாதாடுவதைக் கேட்டுக் கேட்டு, சோல்பரி என்பது ஏதோ ஒரு சட்டப் புத்தகத்தின் பெயர் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். மிஷன் பாடசாலையில் ஆங்கில சரித்திரம் கற்றபோதுதான் அது ஒரு பிரபுவின் பட்டப்பெயர் என்பது தெரிந்தது. அப்பட்டம் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் பரம்பரைச் சொத்து என்பதும், அதை அடைந்த மகன் நம் கிழக்கிலங்கையிலே சைவத் துறவியாக வாழ்ந்தவர் என்பதும் பிற்பாடு அறிந்தவை. அந்த வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

பிரித்தானியரின் பரம்பரைப் பிரபுக்கள் ஐந்து படியினர். டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், விஸ்கவுண்ட், பரன் என்பன அப்படிகள். பொதுவாகப் பட்டம் மூத்த மகனைச் சேரும்; ஆண் மகவு இல்லையேல் தம்பிக்கோ அவர் வழியினருக்கோ செல்லும். இவர்களுக்குக் கீழே ‘பரனெற்’ என்றொரு வகுப்பு உண்டு. அவர்கள் பிரபுக்கள் அல்லர். ஆயினும் அவர்களுடைய ‘சேர்’ பட்டமும் வழிவழி வருவது. 1611 இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அயர்லாந்திலே படை வைத்திருக்கப் பணம் தேடியபோது உண்டாக்கிய பட்டம் அது. காசு கொடுத்தவர் பட்டம் பெற்றார். அவர் பேரன் காசு கொடாமலே ‘சேர்’ ஆனான்!

நம் நாட்டுப் பெரியார் பெற்ற ‘சேர்’ பட்டமோ வேறு வகையானது. அது பெற்றவரோடு முடிந்துவிடும். 1874 இல் சேர் பட்டம் பெற்ற முத்துக்குமாரசுவாமி அவர்களின் ஒரே மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, தந்தையின் பட்டத்தைப் பெறவில்லை. கீழைத்தேயக் கலையை உலகுக்கு உணர்த்தித் தந்தையினும் பெரும்புகழ் பெற்றார். பொன்னம்பலம் அருணாசலம் 1913 இலும், அவர் தமையனார் இராமநாதன் 1921 இலும் சேர் ஆயினர். அருணாசலத்தின் மகன் மகாதேவா அவர்களும் ‘சேர்’ என்றே அழைக்கப்பட்டார். ஆனால் அதை அவர் தாமே புதிதாகப் பெறவேண்டியிருந்தது. இந்தியருள்ளும் பரம்பரைப் பிரபுப் பட்டம் முதன்முதல் 1919 இல் வங்காளத்துச் சின்ஹா அவர்களுக்கே கிடைத்தது.

இனிச் சோல்பரிக்கு வருவோம். அவருடைய இயற்பெயர் ஹேர்வோல்ட் ராம்ஸ்பொதம். 1887 இற் பிறந்தவர். பிரித்தானியப் பாராளுமன்றத்திலே 1929 முதல் லங்காஸ்ரர் தொகுதியின் பிரதிநிதியாக இருந்து, கல்வி அமைச்சுப் பொறுப்பையும் வகித்து, 1941 இற் பரன் ஆனார். சோல்பரி என்பது பக்கிங்ஹாம் மாகாணத்திலுள்ள ஒரு சிற்றூர். நம்மவர் ஒருவரை ஊர்ப்பெயராற் சுட்டுவது போல, அவரும் அவ்வூர்ப் பெயராலேயே உலகிற்கு அறிமுகமானார்.

1944 டிசம்பரில் அரசியலமைப்பு ஆணைக்குழுவின் தலைவராக அவர் கொழும்புக்கு வந்தார். ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கையை எடுத்து வாதாடியது அந்தக் குழுவின் முன்னிலையிலேதான். கோரிக்கை ஏற்கப்படவில்லை. எந்தச் சமூகத்துக்கோ சமயத்துக்கோ ஊறு செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்ற 29ஆம் பிரிவே காப்பாக அமைந்தது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தையும், 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தையும் அந்தக் காப்புத் தடுக்கவில்லை. 1972 இல் குடியரசு அரசியலமைப்பு வந்தபோது பிரிவும் மறைந்தது.

1949 முதல் 1954 வரை சோல்பரிப் பிரபு இந்நாட்டின் மகாதேசாதிபதியாக இருந்தார். 1954 இல் விஸ்கவுண்ட் என உயர்த்தப்பட்டார். ஆண்டுகள் சென்றபின், 1963 இல் வெளிவந்த பி. எச். பாமரின் நூலொன்றுக்கு முன்னுரை எழுதியபோது, அடிப்படை உரிமைகளை அரசியலமைப்பில் உறுதியாகப் பதிக்குமாறு தம் குழு பரிந்துரைக்காமற் போனதற்காக அவர் வருந்தினார். உயர் பட்டம் பெற்ற ஒருவர் தம் பணியின் குறையைத் தாமே ஒப்புக்கொண்டது சிறிய காரியமன்று. ஆனால் அந்த வருத்தம் நம்மவரின் இழப்பை ஈடு செய்யவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அவருடைய மூத்த மகன் ஜேம்ஸ் ராம்ஸ்பொதம். 1915 இற் பிறந்து ஈற்றன் கல்லூரியிலும் ஒக்ஸ்போட்டிலும் கற்றவர். தந்தை வந்தது ஆள்வதற்கு. மகன் வந்தது தேடுவதற்கு. 1950களில் அவர் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையிலே யோகர் சுவாமிகளைக் கண்டார். கண்டபின் அவரடியே தஞ்சமென்று சீடரானார். சந்தசுவாமிகள் என்று பெயர் பெற்றார். ‘சோல்பரி சுவாமி’ என்று அழைத்தோரும் உளர். மட்டக்களப்புச் செங்கலடியிலுள்ள சிவதொண்டன் நிலையத்திலே தியானமும் தொண்டுமாக வாழ்ந்தார்.

1971 இல் தந்தையார் காலமானார். அன்றே, அத்துறவி பிரித்தானியச் சட்டப்படி இரண்டாம் விஸ்கவுண்ட் சோல்பரி ஆகிவிட்டார்! பரம்பரைப் பட்டத்தின் விசித்திரம் இதுதான்: வேண்டுமா என்று கேட்டு அது வருவதில்லை. தந்தையின் பட்டம் தம்மேல் விழுந்ததால் மக்கள் சபை ஆசனத்தை இழந்த ரொனி பென் என்பவர் போராடியதன் பயனாக, 1963 இல் பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. சந்தசுவாமிகள் அந்த வழியை நாடவில்லை. ஒருவேளை, துறப்பதற்கு முதலில் ஒன்றைத் தனதென்று எண்ணவேண்டுமே! பிரபுக்கள் சபையில் அமரும் உரிமையும் அவருக்கு இருந்தது. 1999 இல் 92 பேர் தவிர்ந்த ஏனைய பரம்பரைப் பிரபுக்கள் அவ்வுரிமையை இழந்தபோது, அதுவும் தானாகவே நீங்கியது.

2004 இல் அவர் மறைந்தார். மக்கட்பேறு இல்லாமையால் பட்டம் தம்பி பீற்றருக்குச் சென்றது. அவர் அமெரிக்காவிற் பிரித்தானியத் தூதுவராகவும், பெர்மியூடாவில் தேசாதிபதியாகவும் இருந்து, தம் உழைப்பால் முன்னரே ‘சேர்’ ஆனவர். 2010 இல் அவர் மகன் ஒலிவரிடம் பட்டம் சேர்ந்தது. இவரோ பிராட்போட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கியவர். எத்துறையில் என்கிறீர்கள்? பிணக்குகளைத் தீர்க்கும் துறையில்! நம் நாட்டுப் பிணக்கோடு பெயர் பிணைந்துபோன ஒருவரின் பேரன், சமூகங்கள் ஏன் பகைக்கின்றன, எவ்வாறு இணங்கும் என்பதையே ஆராய்ந்தார்.

ஒரே பட்டம் நால்வரைச் சேர்ந்தது. ஆனால் ஒருவர் செய்தது போல மற்றவர் செய்யவில்லை. ஆணைக்குழுத் தலைவரின் கீர்த்தியும் குறையும் அவரோடு நின்றன. துறவியின் அமைதி தம்பிக்குச் சொத்தாக எழுதப்படவில்லை. வழிவந்தது வெறும் பெயர். மற்றவை அவரவர் தேடியவை.

நம்மிடையே விஸ்கவுண்ட்களும் பரன்களும் இல்லை. ஆயினும் “எங்கள் பூட்டனார் முதலியார்”, “எங்கள் பகுதி இன்ன பகுதி” என்று திருமணப் பேச்சிலும் சபைப் பேச்சிலும் சொல்லி மகிழ்வோர் இல்லாமலில்லை. அவர்கள் ஒருமுறை கொட்டாஞ்சேனைப் பக்கம் போய்க் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைத் தரிசிக்கட்டும். பொன்னம்பல முதலியார் அமைத்த அக்கோயிலை, மகன் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாலே திருப்பிக் கட்டினார். அப்போது அவர் சேர் ஆகவில்லை. தந்தையின் முதலியார் பட்டம் இன்று யாரிடமும் இல்லை. மகனின் சேர் பட்டம் 1930 இல் அவருடன் மறைந்தது. கல்லும் கோபுரமும் நிற்கின்றன. ஏழையும் செல்வரும் ஒரே வாயிலால் உள்ளே செல்கின்றனர்.

நற்குடிப் பிறப்பைக் குடிமை என்ற அதிகாரத்தில் வைத்த வள்ளுவர், குடியை முயற்சியால் உயர்த்தும் வகையைக் குடிசெயல்வகை என்று தனி அதிகாரமாகவே வகுத்தார். முன்னது நம் கையில் இல்லை. பின்னது நம் கையில் உள்ளது. இளைஞர்காள்! முன்னோரின் பட்டங்களை எண்ணுவதை விட்டு, அவர்கள் முடிக்காது சென்ற பணி எதுவென்று பெரியோரிடம் கேட்போம். அதுவே நமக்கு உரிய சொத்து.