எளிது என்னும் சொல்



மலையைக் கண்ணால் காண்கிறோம்; நீரைக் கையால் அள்ளுகிறோம். ஆதலின் அவற்றிற்குப் பெயரிடுவது மனிதனுக்குப் பெருந்தொல்லையாக இருந்திராது. ஆனால் ‘எளிது’ என்பதை யார் கண்டார்? அதற்கு உருவமில்லை, நிறமில்லை. ஒரு செயலைச் செய்யும்போது வருத்தம் தோன்றாவிட்டால் அதனை எளிது என்கிறோம். வருத்தம் இல்லாமைக்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரை உலக மொழிகள் எங்கிருந்து பெற்றன என்பதே இன்று நாம் ஆராயப் போகும் பொருள்.

சொல்லின் வேரைத் தேடும் கலை முறையான ஆராய்ச்சியாக வளர்ந்தது சென்ற இரண்டரை நூற்றாண்டுகளில்தான். 1786ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்தினின்று பிறந்திருத்தல் வேண்டும் என்று எடுத்துரைத்தார். 1816இல் சென்னையில் எல்லிஸ் என்பார், தென்னாட்டு மொழிகள் வடமொழியிலிருந்து பிறவாத தனிக் குடும்பம் என்று காட்டினார். 1856இல் கால்டுவெல் அதனை விரிவான ஒப்பிலக்கணமாக வரைந்தார். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961இல் வெளிவந்தது. இத்தகைய அறிஞர்களின் உழைப்பினால்தான், நாம் நாள்தோறும் எண்ணாமல் வழங்கும் சொற்களுக்குள்ளும் ஒரு வரலாறு இருப்பதை அறிகிறோம்.

முதலில் சுமையைப் பார்ப்போம். வடமொழியில் ‘லகு’ என்றால் கனமற்றது. கனமற்றதைத் தூக்குவதில் வருத்தமில்லை. ஆகவே அச்சொல்லே எளியது என்ற பொருளையும் பெற்றது. நாம் அதனை ‘இலகு’ என்று வழங்குகிறோம். இசை பயிலும் மாணவர் தாளத்தில் லகு என்ற உறுப்பை அறிவர். செய்யுளிலக்கணத்தில் வடமொழியார் குற்றெழுத்தசையை லகு என்பர். இலத்தீனில் ‘லெவிஸ்’, ஆங்கிலத்தில் ‘லைட்’, ஜெர்மனில் ‘லைஷ்ட்’, ருஷ்ய மொழியில் ‘லியோஹ்கி’ ஆகிய யாவும் இந்த லகுவுக்கு உடன்பிறந்தவை. (விளக்கொளியைக் குறிக்கும் ‘லைட்’ வேறு; அது வேறொரு வேரினின்று வந்தது.) இவற்றுள் ஜெர்மன் சொல்லும் ருஷ்யச் சொல்லும் இன்றும் கனமின்மை, எளிமை என்னும் இரு பொருளையும் ஒருங்கே தாங்குகின்றன. ஜெர்மானியர் ‘ஷ்வேர்’ என்றால், மூட்டை கனமானது என்றும் கொள்ளலாம், கணக்குக் கடினமானது என்றும் கொள்ளலாம். உடலுறுப்புகளில் கனம் குறைந்ததாகிய நுரையீரலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘லங்’ என்னும் பெயரும் இதே வேரினின்று பிறந்ததே.

லகுவுக்கு எதிர்ச்சொல் ‘குரு’; கனமானது என்பது அதன் பொருள். ஆசிரியருக்கு அப்பெயர் வந்தது அவருடைய மதிப்பின் கனத்தால். இலத்தீனில் ‘கிராவிஸ்’ என்பதும் இச்சொல்லின் உறவே.

இவையெல்லாம் ஒரே குடும்பத்து மொழிகள். ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஒரே சொல்லை வைத்திருப்பதில் வியப்பென்ன என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா. அதற்கு விடை நம் அண்டை வீட்டிலேயே இருக்கிறது. தெலுங்கில் ‘தேலிக’ என்றாலும் கனமற்றது, எளியது என்னும் இரு பொருளும் உண்டு. அச்சொல் வடமொழியிலிருந்து வந்ததன்று. மிதத்தலைக் குறிக்கும் ‘தேலு’ என்ற வினையோடு தொடர்புடையது. கனமற்றது மிதக்கும், மிதப்பது எளிதில் நகரும். வேறு குடும்பத்து மொழியும் தானாகவே அதே வழியைக் கண்டிருக்கிறதென்றால், அது பாட்டன் விட்டுச்சென்ற சொத்து மட்டும் அன்று என்பது தெளிவு. தோளில் சுமை அழுத்தும் அனுபவம் எல்லா மக்களுக்கும் பொதுவன்றோ?

அடுத்து வழியைப் பார்ப்போம். அரபு மொழியில் ‘சஹ்ல்’ என்பதற்குச் சமவெளி என்பது பொருள். எளிது என்பதும் அதன் பொருள். பாறையும் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நிலத்தில் கால் நோக நடந்தவருக்குத்தான் சமநிலத்தின் அருமை தெரியும். விருந்தினரை வரவேற்கும்போது அரபு மக்கள் ‘அஹ்லன் வ சஹ்லன்’ என்பர். உம் உறவினரிடமே வந்திருக்கிறீர், சமமான நிலத்தையே அடைந்திருக்கிறீர் என்பது அதன் உட்கருத்து. நீண்ட பயணத்தின் களைப்பை அறிந்த மக்களின் உபசாரம் அது.

வடமொழியும் வழியை மறக்கவில்லை. ‘சுகமம்’ என்றால் செல்வதற்கு எளியது. செல்வதற்கு அரிய இடம் ‘துர்க்கம்’. அதனால்தான் மலைக்கோட்டைக்கு அப்பெயர் வாய்த்தது. கருநாடகத்துச் சித்திரதுர்க்கத்தைப் பார்த்தவர்கள் பெயரின் பொருத்தத்தை உணர்வர். இன்னும் சுவையானது ‘சுகம்’ என்ற சொல். இருக்கு வேதத்தில் இது தேருக்கு அடைமொழியாக வருகிறது. அச்சு நுழையும் துளையைக் ‘க’ என்பர். அத்துளை நன்றாக அமைந்த தேர் ‘சுக’ என்பது ஒரு விளக்கம். சொற்பிறப்பில் வேறு கருத்துடைய அறிஞரும் உண்டு. எனினும், தடையின்றி ஓடும் தேருக்கு வழங்கிய சொல் பின்னர் மனிதரின் இன்பத்திற்குப் பெயராயிற்று என்பதை நூல் வழக்கு காட்டுகிறது. எளிமை என்னும் பழைய பொருள் நம்மிடையே இன்றும் ஓரிடத்தில் பிழைத்திருக்கிறது: ‘சுகப்பிரசவம்’ என்கிறோமே, அங்கே சுகம் என்பது தடையின்றி நிகழ்ந்ததையே குறிக்கிறது.

இலத்தீன் மொழியிலும் வழியைச் சார்ந்த ஒரு சொல் உண்டு. மாணவர்கள் அதனை அறிதல் நன்று. சமமானது என்பதற்கு அம்மொழியில் ‘பிளானுஸ்’ என்று பெயர். அதிலிருந்து, மேடு பள்ளத்தை நிரவுதல் என்னும் பொருளில் ஒரு வினை பிறந்தது. அதுவே ஆங்கிலத்தில் ‘எக்ஸ்பிளெயின்’ ஆயிற்று. ஆகவே பாடத்தை விளக்குவது என்பது, அச்சொல்லின்படி, மாணவன் நடப்பதற்கு நிலத்தை நிரவிக் கொடுப்பதாகும். தமிழில் ‘விளக்கம்’ என்பது ஒளியைச் சார்ந்தது. அவர்கள் பாதையைச் சமமாக்கினர். நாம் பாதையில் விளக்கேற்றினோம். நடக்க வேண்டியவன் என்னவோ இரண்டிடத்திலும் மாணவன்தான்.

மூன்றாவது, கை. இலத்தீனில் ‘ஃபாக்கெரே’ என்றால் செய்தல். செய்யக்கூடியது ‘ஃபாக்கிலிஸ்’, அதுவே பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் ஸ்பானிய மொழியிலும் சிறு மாற்றங்களோடு எளிது என்பதற்குரிய சொல்லாக நிலைத்தது. அதன் மறுதலையே ஆங்கிலத்தில் வழங்கும் ‘டிஃபிகல்ட்’. செய்யும் ஆற்றலைக் குறிக்கும் ‘ஃபாக்கல்டி’ என்ற சொல்லும் இவ்வேரினது. கல்லூரி மாணவர்கள் தம் ஆசிரியர் குழுவுக்கு வழங்கும் பெயரும் இதுவே. வடமொழியில் செய்தற்கு எளியது ‘சுகரம்’. அடைதற்கு எளியது ‘சுலபம்’. நாம் எதற்கெடுத்தாலும் சுலபம் என்கிறோம். அது முதலில் கைக்குக் கிட்டுவதையே குறித்தது. ஜப்பானிய மொழியில் ‘யசுய்’ என்பது விலை மலிந்தது என்றும், செய்ய எளியது என்றும் பொருள்படும். எழுதும்போதுதான் எழுத்து வேறுபடும். எளிதில் வாங்கக்கூடியதற்கும் எளிதில் செய்யக்கூடியதற்கும் உள்ள உறவை அவர்களும் கண்டிருக்கின்றனர்.

நான்காவது, ஓய்வு. இந்தியில் வழங்கும் ‘ஆசான்’ என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது; அம்மொழியில் ஓய்வெடுத்தலைக் குறிக்கும் வினையோடு உறவுடையது. நம் தமிழில் ஆசான் என்றால் ஆசிரியர். ஒலி ஒன்றே, உறவு சிறிதும் இல்லை. வடமொழியில் ஆசிரியர் கனமானவர். இந்தி பேசுவோர் காதிலோ நம் ஆசான் எளியவர்! ஒலியை மட்டும் கொண்டு உறவு கொண்டாடுவோர்க்கு இது தக்க எச்சரிக்கையாகும்.

ஆங்கிலத்தின் ‘ஈஸ்’, ‘ஈஸி’ என்னும் சொற்களும் ஓய்வைச் சார்ந்தவையே. இவற்றின் வரலாறு சற்று நீண்டது. இலத்தீனில் அருகே கிடப்பது என்று பொருள்படும் ஒரு சொல், அருகிலுள்ள இடம், கை கால் நீட்டி இருப்பதற்குரிய வசதி என்று பொருள் விரிந்து, பழைய பிரெஞ்சில் ‘எஸ்’ என்று வழங்கியதாக அறிஞர் கூறுவர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். வென்றவர் பிரபுக்களாயினர், அவர்களுடைய பிரெஞ்சு மொழி அரண்மனை மொழியாயிற்று. வசதியாக இருத்தலைக் குறிக்கும் அவர்களது சொல்லும் மெல்ல மெல்ல நாட்டு மக்களின் வாயில் ஏறியது. எளிது என்பதற்கு ஆங்கிலேயர் முன்பு வழங்கிய ‘ஈத்’ என்ற சொந்தச் சொல், ஸ்காட்லாந்துப் பேச்சிலும் பழங்கவிதைகளிலும் ஒதுங்கிப் பின் மறைந்தது. ‘ஈஸ்’ இல்லாமையே ‘டிஸீஸ்’. இன்று அது நோய்க்குப் பெயர். அணிவகுப்பில் மாணவர் படையினருக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்ட் அட் ஈஸ்’ என்றும், இந்தியில் ‘விஷ்ராம்’ என்றும் ஆணையிடுவர். இரண்டும் ஓய்வையே சுட்டுகின்றன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வசதியாக இருத்தலும் வருத்தமின்றிச் செய்தலும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. ஆனால் ஒருவர் வசதியாக இருக்க, மற்றொருவர் வருந்த வேண்டியிருக்கலாம். பல்லக்கில் இருப்பவருக்குப் பயணம் எளிது. தூக்கிச் செல்பவருக்கு அப்படியா? எளிது என்றவுடன், யாருக்கு எளிது என்று கேட்பது அறிவுடைமை. இக்கேள்வியைத் தன் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கும் மொழி ஒன்றுண்டு. அது நம் தமிழ்.

தமிழில் எளிது என்பதற்கு எதிர்ச்சொல் அரிது. அரிது என்றால் செய்வதற்குக் கடினமானது. கிடைப்பதற்குக் கடினமானதும் அதுவே. ‘எளி’ என்ற சொல்லோ பொருள்களோடு நில்லாமல் மனிதரையும் சாரும். எளிய செயல் என்கிறோம். எளியவர் என்றும் கூறுகிறோம். ஏழை எளியவர் என்று இணைத்துச் சொல்லும்போது, எளியவர் என்பார் பொருளற்றவர், வலிமையற்றவர், பிறர் அடக்குவதற்கு எளியவர். அப்போது அதற்கு எதிர்ச்சொல் வலியவர். மலையாளத்திலும் ‘எளுப்பம்’ என்பது எளிது. ‘எளிம’ என்பது பணிவு.

இதே சொல் அரசனைச் சாரும்போது பொருள் தலைகீழாக மாறுவதைக் காணுங்கள். திருக்குறளின் இறைமாட்சி, செங்கோன்மை ஆகிய அதிகாரங்களில், குறை கூற வருவோர் காண்பதற்கு எளியவனாக அரசன் இருத்தல் வேண்டும் என்று வள்ளுவர் வற்புறுத்துகிறார். அந்நிலைக்கு ‘எண்பதம்’ என்று ஒரு பெயரே உண்டு. வைணவ உரையாசிரியர்கள், திருவாய்மொழியின் முதற்பத்தில் மூன்றாம் பதிகம் இறைவனின் எளிமையைப் பேசுகிறது என்று கொண்டு, அதனைச் ‘சௌலப்பியம்’ என்றனர். அது சுலபம் என்பதிலிருந்து வந்த சொல். உயர்ந்தவன் தானே விரும்பி எளியனாவது பெருமை. தாழ்ந்திருப்பவன் மீது எளிமை சுமத்தப்படுவது துன்பம். ஒரே சொல் இரண்டையும் கூறுகிறது. வலியவர் எளியவர் ஆகலாம். எளியவரை எளிதாக எண்ணலாகாது. இவ்வளவும் அச்சொல்லின் வழக்கிலேயே அடங்கியிருக்கிறது.

மாணவச் செல்வங்களே, பல்லாண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். வகுப்பில் “இது மிகவும் எளிது” என்று ஆசிரியர் கூறுவதுண்டு. நன்றாகப் படிக்கும் மாணவன் தன் தோழனிடம் கூறுவதும் உண்டு. புரிந்தவனுக்கு அச்சொல் மகிழ்ச்சி தரும். புரியாதவனுக்கோ, பாடத்தின் சுமையோடு, எளியதும் தனக்கு விளங்கவில்லையே என்ற சுமையும் சேரும். பிறகு அவன் கேள்வி கேட்க வாய் திறக்கவே அஞ்சுவான். ஆகையால் எளிது என்று கூறுவதற்கு முன், எளிதாக்கிக் கொடுங்கள். பளுவைப் பிரித்துக் கொடுக்கலாம், மேட்டை நிரவலாம், கைக்கு எட்டும் இடத்தில் வைக்கலாம், சற்று ஓய்வும் கொடுக்கலாம். இந்த நான்கு வழிகளையும் உலக மொழிகள் முன்னமே நமக்குச் சொல்லி வைத்திருக்கின்றன.

இனி அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது, முதற்பொருளோடு நின்றுவிடாமல் மற்றப் பொருள்களையும் படித்துப் பாருங்கள். அந்தச் சொல்லை உண்டாக்கியவர் எதைச் சுமந்தார், எவ்வழி நடந்தார் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும்.