ஓலையும் கணினியும்

உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 921-ஆம் ஆண்டினது, ஊர் வாரியத்திற்குத் தகுதியுடையோர் யாவர் என வரையறுக்கின்றது: கால்வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குட்பட்ட வயது.

அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் இன்று வேறொரு தகுதியும் அளக்கப்படுகின்றது. உடல் ஊனமுற்றோர் அரசின் சலுகை பெற மருத்துவச் சான்று வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களையே ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 ஆக்கிற்று. பல சலுகைகளுக்கு 40 விழுக்காடேனும் ஊனம் இருத்தல் வேண்டும். சான்று வெறுந்தாளாய் இருந்த நாளில், அது தொலைந்தால் என் செய்வது? காலிழந்தவர், தமக்குக் கால் இல்லையென்பதை மெய்ப்பிக்க மறுபடியும் பேருந்தேறிப் போகவேண்டும்!

1-6-2021 முதல் நாடெங்கும் சான்றிதழ் கணினி வழியாகவே வழங்கப்பெறுகின்றது. விண்ணப்பமும் மருத்துவர் மதிப்பீடும் ஒரே பதிவேட்டில் சேர்கின்றன; அதன்வழிப் பெறும் தனி அடையாள அட்டை எம்மாநிலத்திலும் செல்லும். முழங்கால் எவ்வளவு மடங்குகிறதென்று பார்ப்பது இன்றும் மருத்துவர் கையே. கணினி குறைப்பது தாளின் பயணத்தைத்தான். எனினும், பதிவில் ஓரெழுத்துப் பிறழ்ந்தால் அப்பிழையும் நாடெங்கும் செல்லுமன்றோ?

குடவோலை முறையில், சிறுவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசிப்பான். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் வாசிப்பர். மருத்துவமனையிலும், திரையில் பதிந்த பெயரையும் விழுக்காட்டையும் உரியவருக்கு அப்பொழுதே வாசித்துக் காட்டினால், திருத்தத்திற்கென அவர் மற்றொரு நாள் வரவேண்டியதில்லை.