அதிகாரம் ஆளுக்கா, நிரலுக்கா?

"அட்மின் பாஸ்வேர்ட் கேக்குதுண்ணா" என்று ஆபீசில் புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து நின்றால், எனக்கு டென்னிஸ் ரிட்சி ஞாபகம் வரும்.

ஒரே யூனிக்ஸ் இயந்திரத்தைப் பலர் பங்கிட்ட காலம். பாஸ்வேர்ட் கோப்பில் ரூட் மட்டுமே எழுதலாம். ஆனால் தன் பாஸ்வேர்டை எல்லாரும் மாற்றியாக வேண்டும். பெல் லேப்ஸில் ரிட்சி கண்ட வழி செட்-யூஐடி: அதிகாரத்தை ஆளிடம் தராமல் நிரலிடம் தருவது. அது ஓடி முடியும்வரைதான் அதிகாரம். 1980 வாக்கில் பிறந்த சூடோவும் இதன்மேல்தான் நிற்கிறது.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வீட்டுக் கணினியின் முதல் கணக்கையே அட்மின் ஆக்கியது. நமக்கு வசதி, வைரஸுக்கும்தான். 2007இல் வந்த விஸ்டா அடிக்கடி அனுமதி கேட்டது. ஜனங்கள் படிக்காமலே சரி என்று அழுத்தப் பழகினார்கள்.

தம்பியிடம் சொன்னேன்: "சந்தேகம் உன்மேல இல்லடா, உன் பேர்ல ஓடப்போற நிரல் மேலதான்."