மதராஸ் சுண்ணாம்பு

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்கப் போனால், வீட்டைக் காட்டுகிறவர் தவறாமல் ஒரு தூணைத் தட்டிக் காட்டுவார். "முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசினது சார். நூறு வருஷமாச்சு, இன்னும் பெயின்டே அடிச்சதில்ல." நாமும் தொட்டுப் பார்ப்போம். சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். கொஞ்சம் குனிந்தால் நம் முகம் மங்கலாகத் தெரியும். கூட வந்தவர்களில் யாராவது எத்தனை முட்டை என்று கேட்பார்கள். வண்டி வண்டியாக என்று பதில் வரும். எல்லோரும் வியந்துவிட்டு அடுத்த கட்டுக்குப் போவார்கள்.

முட்டைக் கதை பொய்யில்லை. ஆனால் பிரியாணி எப்படிச் செய்வது என்று கேட்டவனிடம் குங்குமப்பூவை மட்டும் சொல்லி அனுப்புகிற மாதிரி அது. அந்தப் பூச்சில் முட்டை எங்கே வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதற்கு ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முந்தைய எழுத்துச் சான்று ஒன்று இருக்கிறது. அது இருப்பது லண்டனில்.

ஐசக் பைக் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள். செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்தவர். மதராஸில் மிகச் சிறந்த காரையை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு குறிப்பு எழுதி லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். 1730களின் தொடக்கத்தில் அவர்களுடைய ஆய்விதழில் அது அச்சாகியிருக்கிறது. நியூட்டன் தலைவராக இருந்த சபை அது. அவர் இறந்து ஐந்தாறு வருடத்துக்குள் அங்கே நம் கொத்தனாரின் பக்குவம் போய்ச் சேர்ந்துவிட்டது.

குறிப்பு சமையல் புத்தகம் போலவே போகிறது. சலித்த மணலும் கல் சுண்ணாம்பும் சரிக்குச் சரி, பதினைந்து புஷல் வீதம். தண்ணீர் விட்டு நீற்றி இரண்டு மூன்று நாள் போட்டுவைக்க வேண்டும். பிறகு 20 பவுண்டு வெல்லத்தைக் கரைத்துத் தெளித்து அடிக்க வேண்டும். 'கிராம்' என்று ஒரு தானியத்தைக் கூழாகும்வரை வேகவைத்து வடிகட்டிய நீர். மதராஸ் வெள்ளைக்காரர் வழக்கில் கிராம் என்றால் பெரும்பாலும் கொள்ளுதான். அதேபோலக் கடுக்காயை வேகவைத்த நீர். இந்த இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு, காரையைக் குழைக்கும்போதெல்லாம் பச்சைத் தண்ணீருக்குப் பதிலாக இதை விட வேண்டும். முட்டை வருவது கடைசியில், மேல்பூச்சுக்கு. அரை புஷல் காரைக்கு, அதாவது நம் கணக்கில் சுமார் 18 லிட்டருக்கு, ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கரு, நாலு அவுன்ஸ் நெய், ஒரு பைன்ட் மோர். அவ்வளவுதான். வண்டியெல்லாம் வேண்டியதில்லை.

இந்தக் குறிப்பில் பைக் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறார். கொள்ளும் கடுக்காயும் வெந்த அந்த நீரில் இந்தியர்கள் கொஞ்சம் சுண்ணாம்பைக் கலந்துவிடுவார்களாம். எதற்கு? வேலையாட்கள் அதை எடுத்துக் குடித்துவிடாமல் இருக்க.

முதல்முறை படித்தபோது நான் இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாமல் நின்றேன். கொள்ளுத் தண்ணீர் நமக்குத் தெரிந்ததுதான், ரசம் வைப்போம். கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்த கொள்ளு நீரை ஒருத்தர் வேலைக்கு நடுவில் மொண்டு குடிக்கப் பார்க்கிறார் என்றால் அவர் வயிறு எந்த நிலையில் இருந்திருக்கும்? சுவருக்கு நெய்யும் மோரும் முட்டையும் உண்டு. பூசுகிறவருக்குக் கொள்ளுத் தண்ணீரும் கிடையாது. மேஸ்திரி கை நிறையச் சுண்ணாம்பை அள்ளிப் போட்டுக் கலக்கிவிடுகிறார்.

பைக்குக்கு அது ஒரு வேடிக்கை. எனக்கு அந்தப் பூச்சின் வரலாறே அந்த ஒரு வரியில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்ல, சுண்ணாம்பு சுவரில் என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

சுண்ணாம்புக் கல்லோ கிளிஞ்சலோ, இரண்டும் கால்சியம் கார்பனேட். காளவாயில் 900 டிகிரி அளவுக்குச் சுட்டால் கரியமிலவாயு கழன்றுபோய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதிக்கும், வெடிக்கும், பொடியும். இதுதான் நீற்றுவது. திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் ஏழு நாள் பூட்டிவைத்ததாகப் பெரியபுராணம் சொல்லும் நீற்றறை இந்தக் காளவாய்தான். அந்தச் சூட்டை நேரில் அறிந்த சமூகத்துக்குத்தான் அந்தக் கதையின் கொடுமை முழுசாகப் புரிந்திருக்கும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அது காற்றிலிருக்கும் கரியமிலவாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மறுபடியும் கல்லாகிறது. எதிலிருந்து வந்ததோ அதுவாகவே ஆகிறது.

சிக்கல் அந்தக் 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பதில் இருக்கிறது. சுண்ணாம்பு அவசரப்படாது. சீக்கிரம் காய்ந்தால் வெடிப்பு விடும். கெட்டியாகப் பூசினால் உள்ளே இறுகாது. அதனால் மெல்லிய பூச்சாக, ஒன்றின் மேல் ஒன்றாக, இடையில் நாள் விட்டுப் பூச வேண்டும். வெல்லம், கடுக்காய், கொள்ளு எல்லாம் இதற்கு உதவுகிற கைகள். வெல்லம் சுண்ணாம்பை நீரில் அதிகம் கரையவைத்துக் குழைவு தருகிறது. கடுக்காயின் துவர்ப்பு இறுக்கத்துக்கு உதவுகிறது. வெள்ளைக்கருவும் மோரும் நெய்யும் மேல்தோலில் தண்ணீர் ஒட்டாமல் பார்த்துக்கொள்கின்றன.

பளபளப்பு இவற்றால் மட்டும் வருவதில்லை. கடைசிப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை அம்மியில் மை போல அரைப்பார்கள். அதைப் பூசி, ஈரம் இருக்கும்போதே வழவழப்பான கூழாங்கல்லாலோ பளிங்குக்கல்லாலோ தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வேர்க்கும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். வேர்ப்பது நிற்கிறவரை இது ஓயாது. தூணில் நம் முகம் தெரிகிறது என்றால், ஒருத்தர் கை மணிக்கணக்காக அங்கே மேலும் கீழும் போய்வந்திருக்கிறது என்று அர்த்தம்.

சுவருக்கு வெள்ளை பூசுவது தமிழ்நாட்டுக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்ததில்லை. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் அரண்மனை வருணிக்கப்படும் இடத்தில் வெள்ளி போல் மின்னும் சுதைப்பூச்சு வருகிறது. சுதை என்ற சொல்லே சுண்ணாம்புச் சாந்துக்கும், அதனால் கோபுரத்தில் செய்யும் பொம்மைக்கும் சேர்த்து வழங்குவது. கம்பெனிக்காரர்கள் செய்தது இதை விலைக்கு வாங்கி, ஒரு ஊர் முழுக்கப் பூசியது. சென்னைக் கடற்கரைக்குப் பளிங்கு கிடையாது. ஆனால் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் காயல் நிறையக் கிளிஞ்சல் இருந்தது. செங்கல்லைக் கட்டி அதன்மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பூசித் தேய்த்தால் கிரேக்கக் கோவில் மாதிரி ஆகிவிடும். கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் ஓவியராகப் போன வில்லியம் ஹாட்ஜஸ் 1780களின் தொடக்கத்தில் மதராஸ் வந்தார். கடலிலிருந்து பார்த்த கோட்டைநகரின் வெண்மையையும், பளிங்குக்கு ஈடான அந்தச் சுண்ணாம்புப் பூச்சையும் 1793இல் வந்த தன் பயணநூலில் புகழ்ந்து எழுதினார். இன்று ராஜாஜி ஹால் என்கிறோமே, 1802இல் முடிந்த அந்த விருந்து மண்டபமும், 1821இல் முடிந்த எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இந்த மரபின் பிள்ளைகள். 'சுனாம்' ஆங்கிலச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதற்குத் தனிப் பதிவு உண்டு. வெற்றிலைக்குத் தடவுகிறதையும் மாளிகைக்குப் பூசுகிறதையும் ஒரே பெயரால் அழைக்க வேண்டியிருந்தது அவர்களுக்கு விநோதமாகத்தான் இருந்திருக்கும்.

பூச்சு என்பது அழகுக்கு மட்டும் என்று நினைக்கிறவர்களைத் தஞ்சைப் பெரிய கோவிலுக்கு அனுப்பலாம். அங்கே ஈரச் சுண்ணாம்பின் மேலேயே சோழர்கள் படம் வரைந்தார்கள். சுண்ணாம்பு கல்லாகும்போது வண்ணமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். அப்புறம் அது சுவரின் மேல் இருக்கும் படமில்லை, சுவரின் பகுதி. பதினேழாம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தவர்கள் அதன்மேல் புதிதாகச் சாந்து பூசி வேறு படம் எழுதினார்கள். சோழர் படம் இருப்பதையே ஊர் மறந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கருவறையைச் சுற்றியுள்ள உள்அறைகளில் மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் இருந்ததைக் கண்டார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தச் சாந்தை ஆராய்ந்து, ஈரப்பூச்சில் வரைந்ததுதான் என்று காட்டினார். நாயக்கர்கள் மறைத்தார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. புகையும் வௌவாலும் மனிதக் கையும் படாமல் மூன்று நூற்றாண்டு அந்தப் படங்களைக் காத்ததும் அதே மேல்பூச்சுதான். பிற்பாடு தொல்லியல் துறை நாயக்கர் படத்தைச் சாந்தோடு உரித்தெடுத்து ஃபைபர் பலகையில் ஒட்டி வைத்ததை, இருவருக்கும் செய்த நியாயம் என்றே நினைக்கிறேன்.

சுண்ணாம்பின் குணமே அதுதான். தான் முதலில் அடிபடும், உள்ளே இருப்பதை விட்டுக்கொடுக்காது. மழை குடித்தால் வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். சுவருக்குள் ஏறிய உப்பு பூச்சின் வழியாக வெளியேறி, பூச்சைத்தான் உதிர்க்கும், செங்கல் தப்பிக்கும். உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசலாம். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்ததும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். மட்டை நுனியை நசுக்கிய தூரிகை, வாளியில் நீற்றிய சுண்ணாம்பு, ஒரு சிட்டிகை நீலம். ஒவ்வொரு வருடமும் சுவருக்கு ஒரு புதுத் தோல்.

பிறகு சிமென்ட் வந்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்தியாவில் போர்ட்லண்ட் சிமென்ட் செய்யும் முதல் முயற்சி 1904இல் நடந்ததே மதராஸில்தான். சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் என்ற நிறுவனம் அதற்கு எடுத்துக்கொண்ட மூலப்பொருள் கடல் கிளிஞ்சல்! அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில்தான் இந்திய சிமென்ட் ஒழுங்காகக் காலூன்றியது. ஆனால் மதராஸ் தூண்களைப் பளிங்காக்கிய அதே சரக்கை வைத்து, அந்தத் தொழிலையே முடிக்கப்போகிற பொருளையும் அதே ஊரில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

சிமென்ட் ஜெயித்ததை ஒரு சதி மாதிரி எழுதுகிற கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன. நம் முன்னோர் அறிவை மறந்தோம், கெட்டோம் என்கிற பாணி. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிமென்ட் சில மணி நேரத்தில் இறுகும். அரைக்க வேண்டாம், இடிக்க வேண்டாம், வேர்வை துடைக்க வேண்டாம். மாதக்கணக்கில் நடந்த வேலை வாரக்கணக்கில் முடிந்தது. பழைய பூச்சின் ரகசியம் முட்டை இல்லை, காலம்; அந்தக் காலம் யாரோ ஒருத்தருடையது. சுண்ணாம்பு இடித்த சித்தாள்களின் பாட்டு நாட்டுப்புறப் பாடல்களில் தனி வகையாகவே இருக்கிறது. நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று உலக்கை போடாதவர்களுக்கு அப்படியொரு பாட்டு தேவைப்படாது. சுண்ணாம்பு கையைத் தின்னும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கொள்ளுத் தண்ணீரைக் குடிக்க விடாத கூலியில்தான் அந்தத் தூண்கள் மின்னின. கூலி ஏறியதும் மின்னுவது நின்றது. இதில் வருத்தப்படுவதற்குப் பாதி, நிம்மதிப்படுவதற்குப் பாதி.

வருத்தம் வேறொரு இடத்தில். பழைய சுண்ணாம்புச் சுவர் உதிர்கிறது என்று சிமென்டால் ஒட்டுப்போடுகிறோமே, அங்கே. சிமென்ட் பூச்சு அடர்த்தியானது. ஈரத்தை வெளியே விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட உப்பு அங்கேயே படிகமாகி, இந்தமுறை செங்கல்லை உடைக்கும். வெளியே பூச்சு கெட்டியாக நிற்கும், விரல் முட்டியால் தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும். உள்ளே செங்கல் மாவாகியிருக்கும். கடற்கரையோரப் பழைய கட்டடங்களில் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி ஈரக்கோடு ஏறியிருப்பதை யாரும் பார்க்கலாம். மேலே எமல்ஷன் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் மோசம். பாலிதீன் பையைப் போர்த்தின மாதிரி.

இப்போது பழுதுபார்க்கும் வேலைகளில் சுண்ணாம்பு திரும்ப வருகிறது. கடுக்காய், வெல்லம், முட்டை என்று பட்டியல் போடுகிறார்கள். பொருள் வாங்குவது சுலபம். கடுக்காய் நாட்டுமருந்துக் கடையிலேயே கிடைக்கும். இந்த வேலை செய்கிற ஒரு கொத்தனாரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது வேறு. "பூசறதுக்கு ஆள் வந்துருதுங்க. பூசினதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் சாக்கு கட்டி, வேளாவேளைக்கு நனைக்கணும். சும்மா உக்காந்து தண்ணி தெளிக்கறதுக்கு எதுக்குய்யா கூலின்னு கேக்கறாங்க. அந்த ஆளைத்தான் எஸ்டிமேட்ல மொதல்ல அடிச்சிடறாங்க."