பள்ளிக் கால அட்டவணையில் மொழிப்பாடத்தின் பங்கு

இந்தியாவில் நாடு முழுமைக்கும் பொதுவான கலைத்திட்டத்தை வகுக்க முற்பட்ட ஆவணங்களுட் சில, பாடங்களுக்கு உரிய நேரப் பங்கீட்டையும் எண்களில் தந்துள்ளன. இவ்வெண்கள் நிர்வாக வசதிக்காக அமைந்தவை போலத் தோன்றினும், மொழி என்பது தனிப் பாடமா, எல்லாப் பாடங்களுக்கும் உரிய ஊடகமா என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலத்தாரும் அளித்த விடை அவற்றுள் அடங்கியுள்ளது. ஆதலின் அவை மொழியியல் நோக்கிலும் ஆராயத்தக்கவை.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டின் விளைவாகச் சாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, ஆதாரக் கல்விக்கான பாடத்திட்டத்தை வகுத்தது. அதன் நாள் அட்டவணை ஐந்தரை மணி நேரம் கொண்டது. அடிப்படைக் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். சமூகவியலுக்கும் பொது அறிவியலுக்கும் 30 நிமிடம். உடற்பயிற்சிக்கு 10 நிமிடம். இடைவேளை 10 நிமிடம். இடைவேளையை நீக்கிப் பார்த்தால் தாய்மொழிக்குக் கிடைத்தது எட்டில் ஒரு பங்கே. தாய்மொழியே கல்வி அனைத்திற்கும் அடித்தளம் எனக் கொண்ட குழு அதற்கு இத்துணைக் குறைந்த நேரத்தை ஒதுக்கியது முரணன்று. நூற்கும்போதும் நெய்யும்போதும் நிகழும் உரையாடல், அளவைக் குறித்தல், செய்த வேலையை விவரித்தல் ஆகிய யாவும் மொழிப்பயிற்சியே என்பது அத்திட்டத்தின் உட்கிடை. அட்டவணையில் மொழி சுருங்கியது, வகுப்பறையில் சுருங்கவில்லை. நடைமுறையில் இது எவ்வளவு நிறைவேறிற்று என்பது வேறு செய்தி.

விடுதலைக்குப் பின்னர் வினாவே மாறியது. மொழிக்கு எவ்வளவு நேரம் என்பதினும் எத்தனை மொழிகள் என்பதே முதன்மை பெற்றது. 1961இல் முதலமைச்சர்கள் மாநாடு மும்மொழித் திட்டத்தை ஏற்றது. 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக்குழு, மொழிச்சுமை மிகுந்துள்ளதை உணர்ந்து, தொடக்க நிலையில் ஒரு மொழி, உயர் தொடக்க நிலையில் இரண்டு, கீழ் இடைநிலையில் மூன்று எனப் படிநிலைப்படுத்தியது. செம்மொழிகளை விருப்பப் பாடமாகவே வைக்க இயலும் என்றும் கருதியது. இப்படிநிலை அமைப்பு, மொழிகளின் எண்ணிக்கையையும் கற்கும் காலத்தையும் இணைத்துச் சிந்தித்த நல்ல முயற்சி. அதற்குரிய கவனம் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1975இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு வெளியிட்ட பத்தாண்டுப் பள்ளிக்கான கலைத்திட்டம், முதலிரு வகுப்புகளில் முதல் மொழிக்கு 25 விழுக்காடு அளித்தது. நடுநிலை வகுப்புகளில் வாரத்திற்கு 48 பாடவேளைகள். அவற்றுள் முதல் மொழிக்கு 8, இரண்டாம் மொழிக்கு 5. 1988ஆம் ஆண்டுக் கலைத்திட்டத்தில் தொடக்க நிலையில் ஒரு மொழிக்கு 30 விழுக்காடு. உயர் தொடக்க நிலையில் மூன்று மொழிகளுக்கும் சேர்த்து 32. அறிவியல், கணிதம், சமூக அறிவியல், பணி அனுபவம் ஆகிய ஒவ்வொன்றும் 12 பெற்றன. (பணி அனுபவம் என்பது 1977இல் ஈசுவர்பாய் பட்டேல் குழுவின் அறிக்கையில் ‘சமூகத்திற்குப் பயன்படும் ஆக்கப்பணி’ எனப் பொருள்படும் நீண்ட பெயர் பெற்றுப் பின்னர் பழைய பெயருக்கே திரும்பியது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இதனை மறவாதிருத்தல் நலம்.)

ஒரு மொழிக்கு 30 என்பதையும் மூன்று மொழிகளுக்கு 32 என்பதையும் அருகருகே வைத்து நோக்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டிற்கு 800 மணியையும், ஆறு முதல் எட்டு வரை 1000 மணியையும் குறைந்த அளவாக விதித்தது. 1988இன் விழுக்காடுகளை இவ்வளவோடு பொருத்தினால், ஐந்தாம் வகுப்பில் ஒரே மொழியை 240 மணி பயின்ற மாணவர், ஆறாம் வகுப்பில் மூன்று மொழிகளை 320 மணிக்குள் பயில வேண்டியவராகிறார். சமமாகப் பகிர்ந்தால் மொழி ஒன்றுக்கு ஏறத்தாழ 107 மணி. 1968 சனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் ஏற்ற இருமொழிக் கொள்கையின்படி இதே பங்கை இரண்டாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 160 மணி. எவ்வகையில் பகிர்ந்தாலும், பாடங்கள் கடினமாகும் அவ்வயதில் முதல் மொழிக்கான நேரம் குறைகிறது. மொழிபெயர்ப்பிலும் கலைச்சொற்களிலும் தேர்ச்சி குறைவதற்கு ஆசிரியரையும் பாடநூலையும் மட்டுமே காரணங்காட்டுவோர் இக்கணக்கையும் கருதுதல் வேண்டும்.

2005ஆம் ஆண்டுக் கலைத்திட்டம், எல்லாப் பாடங்களின் வழியாகவும் மொழி வளர்கிறது என்றும், வகுப்பறையின் பன்மொழி நிலை ஒரு வளம் என்றும் வலியுறுத்தியது. வார்தாவின் கருத்து, கைத்தொழில் இன்றி, வேறு சொற்களில் மீண்டது எனலாம். 2023இல் வெளிவந்த கலைத்திட்டம், பத்தாம் வகுப்பு வரை மூன்று மொழிகளையும் அதற்கு மேல் இரண்டையும் வைத்து, அவற்றை முதல், இரண்டாம், மூன்றாம் எழுத்தறிவு மொழிகளாக வகைப்படுத்துகிறது.

மூன்றாம் மொழியின் நிலை தனித்து நோக்கத்தக்கது. 1968ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, இந்தி பேசும் மாநிலங்களில் ஒரு தற்கால இந்திய மொழியை, கூடுமாயின் தென்னக மொழி ஒன்றை, கற்பிக்கக் கோரியது. பல இடங்களில் அவ்விடத்தைச் சமற்கிருதம் பெற்றது. பிறமொழி ஆசிரியர்களை உருவாக்க 1970இல் மைசூர், புனே, புவனேசுவரம், பாட்டியாலா ஆகிய இடங்களில் மண்டல மொழி மையங்கள் அமைந்தன. அங்கு ஆசிரியர் ஒருவர் வேறு பணியின்றிப் பத்து மாதம் பயின்று புதிய மொழி ஒன்றைக் கற்றார். மேலே கண்ட சமப் பங்கீட்டின்படி பள்ளி மாணவருக்கு அதே மொழிக்கென ஆறு முதல் எட்டு வரையான மூன்று ஆண்டுகளில் கிடைப்பது மொத்தம் 320 மணி. அதுவும் வாரத்திற்குச் சில பாடவேளைகளாகச் சிதறி.