கண்ணகி நகர் சுவர்கள்

ஓ.எம்.ஆர். பக்கம் போகாதவங்ககூட கண்ணகி நகர் சுவர் ஓவியங்களை போன்லயாவது பார்த்திருப்பீங்க. மாடி உயரத்துக்கு முகங்கள். அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

சென்னைச் சுவருக்கு எப்பவுமே ஓய்வு கிடையாது. கட்சி சின்னம், சினிமா போஸ்டர், எங்க துறை பங்குக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு சிவப்பு முக்கோணம். பேனர் வரையறதே பெரிய தொழிலா இருந்தது. 2000-க்கு அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்து அதைச் சாப்பிட்டுடுச்சு. 2009-ல் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டரைத் தடுத்து, கோயில், கிராமம், நாட்டியம்னு வரைய வெச்சப்ப அந்த ஓவியர்கள் சிலருக்குத் திரும்ப வேலை கிடைச்சது. ஆனா கவனிங்க, சினிமா நட்சத்திரம் கிடையாது, கட்சித் தலைவர் கிடையாது. அதுவரை அந்தச் சுவர்களை ஆண்டவங்களே அவங்கதான்! நகரம் தன்னை எப்படிக் காட்டிக்க ஆசைப்பட்டதுன்னு அதிலேயே தெரியுது.

இப்ப கண்ணகி நகர். 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கினப்ப, இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தர்றதுதான் முக்கியக் கொள்கை. 2000 வாக்கில் அது தலைகீழ். ஆத்தோரம் இருந்தவங்களைத் துரைப்பாக்கத்துக்குக் கொண்டுபோய் குடிவெச்சாங்க. நீதி கேட்டு ஊரை எரிச்சவ பேரை, ஊரைவிட்டு அனுப்பப்பட்டவங்க இடத்துக்கு வெச்சது யார் யோசனையோ! 2001 டிசம்பரில் மெரினா கண்ணகி சிலையையே எடுத்தாங்க. 2006-ல் சிலை திரும்பி வந்துடுச்சு. இவங்க திரும்பல.

வீடு மாறினா வீடு மட்டும் மாறாது. வேலை, பள்ளிக்கூடம், வழக்கமா மாத்திரை வாங்கற அரசு ஆஸ்பத்திரி எல்லாம் பழைய இடத்திலேயே நின்னுடும். சுகர் மாத்திரைக்கு ஒரு நாள் கூலியை விட்டுட்டு வரணும்னா, மாத்திரைதான் முதல்ல நிக்கும். அதோட இன்னொண்ணு: 'கண்ணகி நகர்'னு சொன்னா வேலை தரமாட்டாங்கன்னு வேற முகவரி சொன்னவங்க அங்க நிறைய பேர்.

2020-ல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு வந்தது. உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்கள் குடியிருப்புச் சுவர்களில் வரைஞ்சாங்க. ஒழுகற கூரையை பெயிண்ட் அடைக்காது, இந்த விமர்சனம் நியாயம்தான். ஆனா போலீஸ் செய்தியில் மட்டுமே வந்த பேரைக் கேட்டு, வழி விசாரிச்சு ஜனங்க வந்தாங்களே, அதைச் சின்ன விஷயம்னு நான் சொல்லமாட்டேன்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டி. கபடியில் தங்கம் ஜெயிச்ச இந்தியப் பெண்கள் அணியில் இந்தக் குடியிருப்புப் பொண்ணு ஒருத்தர். ஊர்ப் பேரைச் சேர்த்தேதான் தமிழ்நாடு அவரைக் கூப்பிட்டுச்சு.