உடலின் கணக்கு யார் கையில்?

சென்ற ஆண்டு அம்மாவை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். வயது 74. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பதினைந்து வருடத் துணை. பதிவு செய்யும் இடத்தில் 'ஆபா' எண் கேட்டார்கள். ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு என்பதன் சுருக்கம் அது. நோயாளியின் மருத்துவக் குறிப்புகளை இணைக்கும் 14 இலக்க எண். புதிதாக எடுக்க ஆதாரைக் கொடுத்தோம். ஓடிபி போயிற்று, ஆனால் அம்மாவின் கைபேசிக்கு வரவில்லை. ஆதாரோடு இணைந்திருந்தது ஓசூரில் வேலை பார்க்கும் தம்பியின் எண். அவன் ஷிப்டில் இருந்தான். "நான் இங்கதானே நிக்கிறேன், என்னைக் கேட்டா ஆகாதா?" என்றார் அம்மா.

திருவானைக்காவலுக்குத் திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வியே மனதில் ஓடியது. பெண்ணுடலைப் பற்றிய குறிப்பை யார் எழுதுகிறார்கள், அது யாரிடம் இருக்கிறது? கைபேசிச் செயலிகள் வருவதற்கு வெகு காலம் முன்பே, இதே ஊரில் எழுந்த கேள்வி இது.

காலனிய ஆட்சியில் திருச்சி பெரிய இராணுவத் தளம். படைவீரர்களுக்குப் பால்வினை நோய் பரவாமல் தடுக்கவென்று சென்னை மாகாணத்தின் இராணுவ ஊர்களில் 'லாக் ஆஸ்பத்திரி'கள் நடந்தன. திருச்சியிலும் ஒன்று இருந்தது. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம், பாலியல் தொழில் செய்த பெண்களின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றி அவர்களைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. நோய் கண்டவர்களை அடைத்து வைத்தது. அவர்களிடம் வந்துபோன சிப்பாய்களுக்கு அப்படியொரு பதிவேடு இல்லை. ஜோசஃபின் பட்லரும் அவரோடு நின்ற பெண்களும் நடத்திய போராட்டத்தால் இங்கிலாந்தில் இத்தகைய சட்டம் 1886இல் நீக்கப்பட்டது, இந்தியாவில் 1888இல். மருத்துவத்தின் பெயரால் எழுதப்பட்ட அந்தப் பதிவேட்டில் பெண் நோயாளியாக இல்லை. நோயின் இருப்பிடமாகவே இருந்தாள்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த பதிவேடு வேறு வகை. கிராம சுகாதாரச் செவிலியர் கையில் கனத்த நோட்டு ஒன்று இருக்கும். கடைசி மாதவிலக்குத் தேதி, எடை, இரத்த அளவு, ஊசி, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் அதில் ஏறும். ஒரு பெண் கேட்டு, இன்னொரு பெண் சொல்லி எழுதிய கணக்கு அது. மாமியார் காதில் விழாமல் சொல்ல வேண்டியதைத் திண்ணையோரமாக நின்று சொல்லவும் முடிந்தது. 2018-20 கணக்குப்படி ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. இந்த வேறுபாட்டில் அந்த நோட்டுகளுக்கும் பங்குண்டு.

பிறகு நோட்டு கணினிக்குப் போனது. கர்ப்பிணிகளைப் பதியும் 'பிக்மி' தளம் வந்தது. அதனால் கிடைத்த நன்மையை மறுப்பதற்கில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண்ணின் நோட்டு புகுந்த ஊரிலேயே கிடக்கும். இணையத்தில் ஏறிய குறிப்பு அவளோடு கூடவே போகும். ஆனால் அந்த எண் இல்லாவிட்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி இல்லை, குழந்தையின் பிறப்புச் சான்றிதழிலும் சிக்கல் என்று ஆனபோது, பராமரிப்புக்கான பதிவு நிபந்தனையாகவும் மாறியது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இன்று எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் வருகிறார். ஒரு கையில் இரத்த அழுத்தக் கருவி, மறு கையில் கைபேசி. "அம்மா, மாத்திரை தீர்ந்துடுச்சா?" என்று கேட்டு, அளந்து, செயலியில் ஏற்றுகிறார். சிக்னல் இல்லாவிட்டால் வாசலுக்குப் போய்க் கையை உயர்த்தி நிற்கிறார். அவருக்குப் பெயர் தன்னார்வலர். கிடைப்பது ஊதியமல்ல, ஊக்கத்தொகை. செயலியின் சாதனை என்று நாம் படிக்கும் எண்ணிக்கை ஒவ்வொன்றும் இப்படி ஒரு பெண் படியேறி இறங்கிக் கொண்டுவந்தது.

செயலியில் ஏறியது எங்கே போகிறது என்ற கேள்வியும் உண்டு. மாதவிலக்கைக் கணக்கிடும் 'ஃப்ளோ' செயலி, பயனாளிகளின் அந்தரங்கத் தகவல்களை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது; 2021இல் அது சமரச உத்தரவில் முடிந்தது. இங்கோ கைபேசியே பலருக்குச் சொந்தமில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் 54 விழுக்காடுதான். மற்றவர்களின் கருத்தரிப்பும் கருக்கலைப்பும் கணவர் அல்லது மகன் கைபேசியில் குறுஞ்செய்தியாக வந்து விழக்கூடும்.

காவிரிக்கு அக்கரையில், மலைக்கோட்டையில் தாயுமானவர் இருக்கிறார். பிரசவ வலியில் கிடந்த இரத்தினாவதிக்கு, வெள்ளத்தால் ஆற்றைக் கடக்க முடியாத தாயின் உருவில் இறைவனே வந்து மருத்துவம் பார்த்ததாகக் கதை. இரத்தினாவதிக்கு வேண்டியிருந்தது சேதியல்ல, பக்கத்தில் ஓர் ஆள். செயலி சேதியைக் கொண்டுபோகும். ஆற்றைக் கடந்து வருபவர் இன்றும் ஒரு பெண்தான். அவருக்கு முறையான ஊதியமும், குறிப்புக்கு உரியவளிடம் தமிழில் கேட்டுப் பெறும் சம்மதமும் இல்லாமல் எந்தச் செயலியும் மருத்துவமாகாது.

மறுவாரம் அம்மாவின் ஆதாரில் அவருடைய எண்ணையே இணைத்தோம். அதன்பின் மருத்துவமனையில் மீண்டும் ஓடிபி வந்தபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு இலக்கங்களையும் அம்மாவே வாசித்தார்.